வார ஓய்வு நம் வீட்டுக்கு வந்த கதை



சில வாரங்களுக்கு முன்பு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். ‘வார விடுமுறையில் என் குடும்பம்’ என்பதே அத்தலைப்பு. நாம் எல்லாரும் ஆண்டுதோறும் கொடுக்கின்ற பழைய தலைப்புதான். மாணவர்களும் வழக்கம்போல் எழுதியிருந்தார்கள். ஒருத்தி பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போய் வந்ததை எழுதியிருந்தாள். மற்றொருத்தி அம்மாவுடன் சேர்ந்து கேக் செய்ததை எழுதியிருந்தாள். ஒரு மாணவன் மட்டும் நான்கே வரிகள் எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்குப் போனாராம். சனிக்கிழமையும் வேலைக்குப் போனாராம். அவனும் தங்கையும் தொலைக்காட்சி பார்த்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஓய்வு. ஆனால் அன்று அவனுக்குப் பள்ளி. அவ்வளவுதான் கட்டுரை!

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையால் ‘இன்னும் விரிவாக எழுதுக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்த நான்கு வரிகளும் மனத்தை உறுத்தத் தொடங்கின. விரிவாக எழுதுவதற்கு அவனிடம் என்ன இருந்தது? பிள்ளை நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறான். குறை என் தலைப்பில்தான் இருந்திருக்கிறது.

அந்த வாரத்து வெள்ளியும் சனியும் எங்கள் வீட்டில் ஓயாத ஓட்டம். அடுப்பில் மரவள்ளிக்கிழங்குக் கேக், மெர்போக் அரும்பொருளகத்திற்கு ஒரு பயணம், இரவில் பிள்ளைகளோடு புத்தக வாசிப்பு என்று இரண்டு நாளும் பறந்துவிட்டன. ஒவ்வொன்றைச் செய்யும்போதும் என்னுள் ஒரே கேள்வி எழுந்துகொண்டிருந்தது. இவையெல்லாம் எப்போதிருந்து நம் வீட்டு வழக்கங்கள் ஆயின? என் பாட்டிக்கு இப்படியொரு வெள்ளிக்கிழமை வாய்த்திருக்குமா? அந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இப்பதிவு. சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும்.

எந்த நாள் ஓய்வு நாள்?

பிற மாநில நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் அவ்வாறே. ஜொகூர் மாநிலம் 2014இல் இம்முறைக்கு மாறி, 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு என்பது வாரத்தின் முதல் பள்ளி நாள். ஆனால் மூடா ஆற்றைக் கடந்து பினாங்கு மாநிலத்திற்குள் நுழைந்துவிட்டால் சனியும் ஞாயிறும்தான் விடுமுறை. தென் கெடாவில் குடியிருக்கும் பெற்றோர் பலர் பிறை, பட்டர்வொர்த் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கின்றனர். ஆகையால், ஒரே வீட்டில் பிள்ளைக்கு ஒரு நாள் ஓய்வு, தாய்க்கு வேறொரு நாள் ஓய்வு என்னும் நிலை இங்கே உண்டு. என் மாணவன் எழுதிய நான்கு வரிகளின் பின்னணி இதுதான்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதே தொழிலாளர்களுக்குத் தானாக வந்து சேர்ந்ததன்று. இந்தியாவில் பம்பாய் நூலாலைத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டிய நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடிய பின்னரே, 1890 ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு ஓய்வுக்கு இசைந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு என்பது அதனினும் பிந்தியது. அமெரிக்காவில் ஃபோர்டு மகிழுந்து நிறுவனம் 1926இல்தான் தன் தொழிற்சாலைகளில் ஐந்து நாள் வேலை வாரத்தைக் கொண்டு வந்தது.

நம் தோட்டங்களில் நிலை என்ன? கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. அக்காலத்தை ஒட்டித்தான் கூலிம், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் காடழித்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று ஆட்களைத் திரட்டி வந்தனர். உதவி பெற்று வரும் அந்தக் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடை செய்யும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. வந்தவர்களுக்கு நாட்கூலி. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையை வெட்டி முடித்து, பால் எடுத்து, வாளிகளைக் காண்டாவில் தூக்கிச் சென்று ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைய பேர் விழும். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. அந்த மக்களுக்கு ஓய்வு என்பது கூலி இழந்த நாளாகவே தெரிந்திருக்கும்.

1955இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பு! வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரப்படவேண்டும் என்று அது விதித்தது. அரசு ஊழியர்களுக்கு ஐந்து நாள் வேலை வாரம் 2005 ஜூலை முதல் நாள் வந்தது. அச்சட்டத்தின் கீழ் வாரத்திற்கு 48 மணியாக இருந்த வேலை நேரம் 45 மணியாகக் குறைந்தது 2023 ஜனவரியில்தான். நாம் இயல்பானதாக எண்ணிக்கொண்டிருக்கும் வார இறுதிக்கு வயது எவ்வளவு குறைவு பார்த்தீர்களா?

வெள்ளிக்கிழமை: மரவள்ளிக்கிழங்குக் கேக்

இனி எங்கள் வீட்டு அடுப்படிக்கு வருவோம். மலாய்க்காரர்கள் ‘பிங்கா உபி’ என்றழைக்கும் பலகாரத்தைச் செய்ய வேண்டுமென்று மூத்தவள் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தையில் ஒரு கிலோ மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தேன். பிள்ளைகள் இருவரும் துருவினார்கள். துருவலைப் பிழிந்து, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை, சிறிது உப்பு சேர்த்துக் கலக்கி, வாழையிலை விரித்த தட்டில் ஊற்றி, 180 பாகை சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேக வைத்தோம். மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்து, வீடெங்கும் மணம் பரவியது.

அந்த மணத்தில் எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. என் அப்பாவைப் பெற்ற பாட்டி பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளியாக வாழ்ந்து மறைந்தவர். எதையும் வேண்டாமென்று சொல்லாத அவர், மரவள்ளிக்கிழங்கை மட்டும் தொடமாட்டார். “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்று விலகிவிடுவார். சிறுமியாக இருந்தபோது எனக்கு அதன் காரணம் புரிந்ததில்லை.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கியது. அடுத்த சில நாள்களில் எங்கள் கெடாவின் ஜித்ராவில் நடந்த போரில் பிரிட்டிஷ் படை தோற்றுப் பின்வாங்கியது. அதன் பின்னர் ரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டங்களில் வேலை இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோயிற்று. லயத்தைச் சுற்றிலும் மரவள்ளி நட்டார்கள். காலையும் மாலையும் அதுவே உணவு. ஆண்கள் பலர் சயாம்–பர்மா ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. காலராவும் மலேரியாவும் பட்டினியும் மலாயாத் தமிழர்களை அங்கே ஆயிரக்கணக்கில் விழுங்கின. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் கொடுமை தெரிந்திருக்கும். அப்படிச் சென்று திரும்பாதவர்களுள் பாட்டியின் மூத்த அண்ணனும் ஒருவர். அண்ணன் புறப்பட்ட நாளில் வீட்டில் அவித்திருந்தது மரவள்ளிக்கிழங்குதான் என்று பாட்டி ஒரே ஒருமுறை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

கேக் ஆறும் வரை இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவன் கேட்டான்: “அப்படின்னா நாம இதைச் சாப்பிடலாமாம்மா?” சாப்பிடலாம் என்றேன். பாட்டி மரவள்ளியை ஒதுக்கினாரே தவிர, அடுப்பை வெறுத்தவரல்லர். தீபாவளிக்கு முந்தின வாரம் அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணியிடம் அச்சு வாங்கி வந்து, கீழே தணல், மூடியின் மேலே தணல் என்று வைத்துப் பஹுலு கேக் சுடுவார். அது ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே. முட்டையும் சர்க்கரையும் கோதுமை மாவும் ஒருசேர வாங்கக் கையில் காசும், அடுப்பருகே உட்கார ஒரு பொழுதும் அப்போதுதான் அவருக்குக் கிடைத்தன.

சனிக்கிழமை காலை: பீடோங்கைக் கடக்கையில்

மறுநாள் காலை மெர்போக்குக்குப் புறப்பட்டோம். சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே சென்றால் பீடோங். அங்கிருந்து மேற்கே திரும்பினால் சிமிலிங், அதையடுத்து மெர்போக். பீடோங் பட்டணத்தைக் கடக்கும்போது காரின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, பிள்ளைகளுக்கு ஒரு வரலாறு சொன்னேன். பாடநூலில் இதைக் காண்பது அரிது. நாமாவது சொல்ல வேண்டும் அல்லவா?

அக்காலத்தில் கூலி கிடைத்த நாளில் தோட்டத்து ஆண்கள் பலர் சென்ற இடம் கள்ளுக்கடை. கள்ளுக்கடைகள் அரசின் உரிமத்தோடு நடந்தன. அரசுக்கு அவற்றால் வருவாயும் இருந்தது. ஓய்வும் கூலியும் ஒரே நாளில் வாய்த்தால், அந்த ஓய்வைக் கடை விழுங்கிவிடும். கூலியில் பாதியும் வீடு வந்து சேராது. ஆகவே, குடும்பத்தோடு கழிக்கும் ஓய்வு நாளுக்குச் சட்டம் மட்டும் போதாது என்பதைத் தொழிலாளர்களே முதலில் உணர்ந்தார்கள்.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு ஒன்று மட்டுமன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். நேரம், கல்வி, குடியற்ற வீடு ஆகிய மூன்றையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள்! அரசு படையைக் கொண்டு அப்போராட்டத்தை அடக்கியது. தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்தபின் அந்தக் குரல் எங்கள் கெடாவில் மீண்டும் எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் ‘தொண்டர் படை’ என்னும் இயக்கம் உருவாயிற்று. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் தோட்டத்து இளைஞர்களுக்கு ஊட்டியிருந்த கட்டொழுங்கும் தன்மானமும் அதில் தொடர்ந்தன. இளைஞர்கள் அணிவகுப்புப் பயிற்சி செய்தார்கள். குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். தமிழகத்து ஈரோட்டில் 1921ஆம் ஆண்டு கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்திய நாகம்மையாரும் கண்ணம்மாளும் காட்டிய அதே வழிதான்.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலின்போது காவல் துறையினருடன் மோதல் மூண்டு, உயிர்ப்பலி நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அங்கும் உயிர்ப்பலி. பலர் கைதாகிச் சிறை சென்றனர். இயக்கம் ஒடுக்கப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பின் அத்தகைய இயக்கங்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் தோன்றிய பிறகு, தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையின் வழியே உரிமைகள் ஒவ்வொன்றாக வந்தன.

குடிப்பழக்கம் அதோடு தீர்ந்துவிடவில்லை. கள்ளின் இடத்தைப் பிற்காலத்தில் சம்சு பிடித்துக்கொண்டதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆயினும், தங்கள் கூலியும் ஓய்வும் வீட்டுக்கு வரவேண்டும் என்பதற்காக இந்தச் சிறிய பட்டணத்தில் தொழிலாளர்கள் அடிபட்டார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

மகள் சற்று நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, “தாத்தாவோட அப்பாவும் அதுல இருந்தாராம்மா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே என் அப்பாவிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. “அவர் குடிச்சது இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்” என்றார். கேட்க வேண்டிய காலத்தில் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை நண்பகல்: மெர்போக்

ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓடை சலசலக்கும் மேட்டில் நிற்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. கருங்கல்லால் ஆன கோயில் ஒன்றின் அடித்தளமும் தூண் பதிந்த கற்களும் அங்கே உள்ளன. அலஸ்டேர் லாம்ப் முதலியோர் அகழ்ந்தாய்ந்து, 1960ஐ ஒட்டி மீட்டமைத்த கோயில் இது. பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அரும்பொருளகம் இருக்கிறது. இப்பள்ளத்தாக்கின் பழம் எச்சங்களைப் பற்றி ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேயர் 1840களிலேயே எழுதினார். 1930களின் பிற்பகுதியில் எச்.ஜி. குவாரிச் வேல்சும் அவர்தம் துணைவியார் டோரதியும் இங்கே பல இடங்களை அகழ்ந்தனர். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன.

“இதை இராஜேந்திர சோழன் கட்டினாரா?” என்று சின்னவன் கேட்டான். நம் மாணவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஆசிரியர்களாகிய நாம் இங்கே சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். 1025ஆம் ஆண்டையொட்டி இராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதைச் சோழர் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆனால் இங்குள்ள கோயில்களை அவன் கட்டினான் என்பதற்கு அவை சான்றல்ல. உறவு அப்படையெடுப்பினும் மிகப் பழையது. பட்டினப்பாலை குறிக்கும் காழகத்திற்குக் கடாரம் என்று உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். படையெடுப்புக்கு முன்பே கடாரத்து மன்னன் பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்குச் சோழன் இராசராசன் ஓர் ஊரையே கொடையளித்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. வணிகரும் துறவியரும் வந்து போன துறைமுகம் இது. போர் ஒரு நிகழ்வு. வாணிகம் பல நூற்றாண்டு. இதைப் பிள்ளைகளுக்குப் பெருமிதத்தோடும் அளவோடும் சொல்லலாம்.

எனக்கு அங்கே நின்றபோது வேறோர் எண்ணம் வந்தது. பாட்டி வாழ்ந்த தோட்டத்திலிருந்து இவ்விடம் அப்படியொன்றும் தொலைவில்லை. காலையில் பால்வெட்டப் போகும்போது அவர் நாள்தோறும் பார்த்தது இதே ஜெராய் மலையைத்தான். ஆயினும் இந்தக் கோயிலை அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அவர் அறிந்த வெளியூர்ப் பயணங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா, தைப்பூசத்திற்குப் பினாங்கு, உறவினர் வீட்டுத் திருமணம், துக்கம் ஆகியவை மட்டுமே. எப்போதாவது தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு போய் உட்காருவதே அவருக்கு உல்லாசப் பயணம்.

நேரம் கிடைத்தபோது போகாவிட்டால், போவதற்கு இடமே இல்லாமலும் போகலாம். 2013ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கின் சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. பிள்ளைகள் தம் காலால் நடந்து பார்த்த இடம் அவர்கள் மனத்தில் நிற்கும். அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் அப்போதுதான் வளரும். கார் இல்லாத பெற்றோர்க்குப் பள்ளியின் கல்விச் சுற்றுலாவே ஒரே வழி என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

சனிக்கிழமை இரவு: பிள்ளை வாசிக்க, பெரியவர் கேட்க

இரவு உணவுக்குப் பின் எங்கள் வீட்டில் அரை மணி நேரம் வாசிப்பு. ‘பெற்றோர் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்’ என்று கல்வியாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம் தோட்டங்களில் நடந்தது அதற்கு நேர்மாறானது!

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று கூறியது. கெடா அக்கூட்டமைப்பில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் தோட்டங்கள்தோறும் சிறு தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் பார்த்துக்கொண்ட பள்ளிகள் பல. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் செம்பனையாக மாறியும், மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தும் இன்று அவ்வெண்ணிக்கை 530 அளவில் நிற்கிறது. அந்தச் சிறிய பள்ளிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எழுத்தறியாத பெற்றோரின் வீட்டுக்குள் எழுத்தைக் கொண்டு சேர்த்தவை அவைதாம்.

என் அப்பா 1960களின் தொடக்கத்தில் தோட்டப் பள்ளியில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கடைக்காரர் வழியாகத் தோட்டத்துக்கு வரும். லயத்து வாசலில் தாத்தாவும் நாலைந்து பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, பத்து வயதுப் பையனான அப்பா உரக்க வாசிப்பாராம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இப்படித்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தன. ஒரு பிரதி, ஒரு பையன், சுற்றிலும் பத்துக் காதுகள்! தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பிள்ளைகளை எழுதவும் தூண்டியது. தமிழ் நேசன் 1950இல் ‘கதை வகுப்பு’ நடத்திப் புதிய எழுத்தாளர்களைப் பயிற்றுவித்தது. பீடோங்கில் பிறந்த ரெ. கார்த்திகேசு பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் உயர்ந்தார் என்றால், அந்த வாசிப்புச் சூழலுக்கு அதில் பங்கில்லாமல் இருக்குமா? தமிழ் நேசன் 2019 ஜனவரி 31ஆம் நாளோடு நின்றுபோனபோது, அப்பா அன்று முழுதும் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

இப்போது அப்பாவுக்குக் கண் புரை. சிறிய எழுத்து தெரிவதில்லை. அன்றிரவு மகள் சுங்கை பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகனின் சிறுவர் நாவலொன்றைத் தாத்தாவுக்கு உரக்க வாசித்தாள். ஒற்றுப் பிழையோடு வாசித்த இடங்களில் அப்பா திருத்தினார். சின்னவன் மீதமிருந்த மரவள்ளிக் கேக்கைத் தின்றபடியே தாத்தாவின் மடியில் உறங்கிப் போனான்.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! வார ஓய்வு நமக்குக் கிடைத்த கதையை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது இன்னும் எல்லா வீடுகளுக்கும் வந்து சேரவில்லை. அன்று அதைத் தடுத்தவை நாட்கூலியும் கள்ளுக்கடையும். இன்று தடுப்பவை முறைமாற்று வேலையும், மிகைநேர வேலையும், ஆற்றின் இரு கரையில் இரு வேறு விடுமுறை நாள்களும். அந்தத் தாய் சோம்பலால் பிள்ளைகளை விட்டுச் செல்லவில்லை. அவர் மிகைநேரம் செய்யாவிட்டால் வீட்டு வாடகை கட்ட முடியாது.

என்னளவில் மூன்று மாற்றங்களைச் செய்துகொண்டேன். முதலாவது, ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரின் பெற்றோர்க்கும் எந்த நாள் ஓய்வு என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு அன்று வீட்டுப்பாடம் குறைவு. அதற்குப் பதிலாக அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு பக்கம் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவருக்கு எழுத்தறிவோ நேரமோ அதிகம் வேண்டியதில்லை; சமைத்துக்கொண்டேகூடக் கேட்கலாம். மூன்றாவது, கட்டுரைத் தலைப்பை மாற்றிவிட்டேன். ‘நாங்கள் எல்லாரும் வீட்டில் சேர்ந்திருந்த ஒரு நேரம்’ என்பது புதிய தலைப்பு.

அந்த மாணவனை அழைத்து, முன்பு சிவப்பு மையில் எழுதியது என் தவறு என்று சொன்னேன். அவன் வியப்போடு பார்த்தான். புதிய தலைப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்தான். ஞாயிறு மாலை அம்மா தோசைக்கு மாவாட்டும்போது தங்கை அரிசி அள்ளிப் போடுவாளாம். அவன் வாசலில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தை உரக்க வாசிப்பானாம். கிரைண்டர் சத்தத்தில் கேட்காதபோது அம்மா அதை நிறுத்திவிட்டு, “மறுபடி படிப்பா” என்பாராம். திங்கட்கிழமை விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து வரும் ஓசையோடு கட்டுரை முடிகிறது.

இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். வேறொன்றும் எழுதவில்லை.

உங்கள் தோட்டத்திலும் வீட்டிலும் ஓய்வு நாள் எப்படிக் கழிந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.